ஆறு இஞ்சு மழை

செங்கரட்டுப்பட்டியில் மூன்று வருடம் கழித்து மழை பெய்தபோது அது ஊருக்குமேல் பெய்யவில்லை, சமுதாயக் கூடத்துக்குப் பின்னால் கிடந்த ஆறு இஞ்சு இரும்புக் குழாய்க்குள் பெய்தது. அந்தக் குழாய் ஏதோ ஒரு திட்டத்துக்காக லாரியில் வந்து இறங்கி, திட்டம் மட்டும் வராமல் போனதால், பதினோரு வருடமாக ஒரு முனை பாறைமேல் ஏறியும் மறு முனை புல்லுக்குள் இறங்கியும் சாய்ந்து கிடந்தது. கோழிகள் அதற்குள் முட்டையிட்டன, ஓணான்கள் குடும்பம் நடத்தின. சித்திரை மாதம், காலை பத்தரை மணி, வானத்தில் பஞ்சு அளவுக்குக்கூட மேகம் கிடையாது. முதலில் ஒரு கோழி தொப்பலாக நனைந்து வெளியே வந்தது, அதன் பின்னால் ஏழு குஞ்சுகள் நனைந்து வந்தன, அதன் பின்னால் மண்வாசனை வந்தது, பிறகு பானை மூடி உருண்ட மாதிரி ஒரு சின்ன இடி, பிறகு தண்ணீர்.

பக்கத்தில் தோசைக்கடை வைத்திருந்த பிரம்மசக்தி கரண்டியோடு வந்து குனிந்து பார்த்தாள். உள்ளே கருமேகம் கூடியிருந்தது, ஈர்க்குச்சி நீளத்தில் ஒரு மின்னல் வெட்டி அணைந்தது. அவள் நிமிர்ந்து, "மழை பெய்யுது. இந்தப் பக்கம் வத்தல் காயப்போட்டவங்க எடுத்துக்கிடுங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, கல்லில் தோசை தீய்ந்துவிடும் என்று திரும்பிப் போனாள்.

மழைக்கு ஏங்கிக் கிடந்த ஊர் என்பதால், அது எதற்காகக் குழாய்க்குள் பெய்கிறது என்று யாரும் கேட்கவில்லை. எங்கே பெய்கிறது என்று தெரிந்ததே பெரிதாக இருந்தது. முதல் நாளே தவளைகள் எங்கிருந்தோ வந்து குழாயடியில் குடியேறின. இரண்டாம் நாள் ஈசல் பறந்தது, குழாயின் மேல் வாயிலிருந்து புறப்பட்டு வெயிலுக்கு வந்ததும் குழம்பிப்போய் மறுபடி உள்ளே திரும்பியது. மூன்றாம் நாள் பள்ளிப் பிள்ளைகள் மழை விடுமுறை கேட்டார்கள், தலைமையாசிரியை நேரில் வந்து இரும்பில் காதை வைத்துக் கேட்டு, இடி பலமாகத்தான் இருக்கிறது என்று அரை நாள் விட்டார். மழையளவு குறிக்கும் அலுவலர் ஒருவர் பக்கத்து ஊரிலிருந்து சைக்கிளில் வந்து, மழை என்றால் திறந்த வெளியில் விழ வேண்டும், இது விதிக்குள் வராது என்று சொல்லி, நோட்டில் கசிவு என்று எழுதினார். எழுதி முடித்துவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்து, கால் இரண்டையும் கொஞ்ச நேரம் கசிவில் நனைத்துக்கொண்டு நின்றார்.

தண்ணீர் வாய் நிறைய வந்தது, இரவும் பகலும் வந்தது, நிற்கிற மாதிரி இல்லை. ஒரே வாயில் ஊர் முழுதும் குடத்தோடு மோதினால் கைகலப்பு வரும் என்று ஊராட்சித் தலைவர் பால்வண்ணன் ஒரு முடிவுக்கு வந்தார். கெட்ட மனிதர் இல்லை, கணக்கில் கொஞ்சம் அவசரக்காரர். ஆறு இஞ்சுக் குழாய், வீட்டுக்கு அரை இஞ்சுக் குழாய், ஆறில் எத்தனை அரை? பன்னிரண்டு. ஆகவே பன்னிரண்டு வீட்டுக்கு இணைப்பு என்று அறிவித்து, பெயர்ப் பட்டியலும் ஒட்டினார்.

அறிவித்த மத்தியானமே ஊரின் முகம் மாறியது. வடக்குத் தெருவில் தொண்ணூறு வீடு, இணைப்பு பன்னிரண்டு. ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட சம்பந்திகள் பேச்சை நிறுத்தினார்கள், அண்ணன் பெயர் பட்டியலில் இருக்கிறது என்று தம்பி முற்றத்தின் குறுக்கே கயிறு கட்டினான், கோயில் கொடைத் திருவிழாவில் பாட வேண்டிய வில்லுப்பாட்டுக் குழு, குடம் தட்டுகிறவர் பெயர் பட்டியலில் இருக்க, வில்லடிக்கிறவர் பெயர் இல்லாமல் போனதால் இரண்டாக உடைந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் ஓடைக்கரைத் தெரு இருந்தது, ஐம்பத்து நான்கு வீடு. அந்தத் தெருக்காரர்கள் சண்டைக்குக்கூட வரவில்லை, ஏனென்றால் பட்டியலில் தங்கள் பெயர் வரும் என்று நினைத்துப் பார்க்கும் பழக்கமே அவர்களுக்கு இல்லை. அங்கேயிருந்த மாரித்தாய் எப்போதும்போல விடியலில் கிளம்பி, நாலு கிலோமீட்டர் தள்ளியிருந்த கல்குவாரிக் குட்டைக்குப் போய், தலையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாகக் குடம் சுமந்து வந்துகொண்டிருந்தாள்.

பன்னிரண்டு இணைப்பையும் மாட்டுவதற்கு வெள்ளாங்காட்டிலிருந்து சேர்மக்கனியை வரவழைத்தார்கள். ஐடிஐயில் குழாய் வேலை படித்தவள், முப்பத்தெட்டு வயது, உப்பளங்களில் பம்புக்குக் குழாய் மாட்டி மாட்டி உள்ளங்கை காய்த்தவள். மொபெட்டின் முன்னால் பெரிய பைப் ரெஞ்சை வைத்துக்கொண்டு வந்து இறங்கினாள். வேலை தொடங்குமுன் அளந்து பார்க்காமல் அவள் எதையும் தொடமாட்டாள். உப்பளத்து மேஸ்திரிகள் இதற்காகவே அவளைக் கேலி பண்ணுவார்கள், அவளும் உதட்டுக்குள்ளேயே கணக்குப் போடப் பழகியிருந்தாள்.

குழாய் வாயின் குறுக்கே டேப்பை வைத்தாள். பதினைந்து சென்டிமீட்டர். நீளம் ஆறு மீட்டர். சாக்பீஸ் எடுத்து இரும்பின் முதுகிலேயே எழுதினாள்: குறுக்களவில் பாதி ஏழரை, அந்த ஏழரையை ஏழரையால் பெருக்கி, மூன்று புள்ளி ஒன்று நான்கால் பெருக்கி, நீளத்தால் பெருக்கினால், குழாயின் வயிறு நூற்றாறு லிட்டர் பிடிக்கும், அதாவது ஏழு குடம். கீழ் வாயைப் பலகையால் அடைத்து, செல்போனில் நேரம் பார்த்தாள். அரை நிமிடத்தில் நிறைந்து மேல் வாயில் வழிந்தது.

"அரை நிமிஷத்துக்கு ஏழு குடம் மழை பெய்யுது, அண்ணாச்சி. இதுல பன்னிரண்டு இணைப்புதான்னு யாரு சொன்னா?"

"நான்தான் சொன்னேன்" என்றார் பால்வண்ணன். "ஆறுல அரை பன்னிரண்டு தடவ போகுதுல்லா?"

"அது கயித்துக் கணக்கு. கயித்துக்கு நீளம் மட்டுந்தான் உண்டு. தண்ணி போறது வட்டத்துல, வட்டத்துக்குக் குறுக்கயும் உண்டு, நெடுக்கயும் உண்டு. பன்னிரண்டப் பன்னிரண்டால பெருக்கணும். நூத்து நாப்பத்து நாலு."

பால்வண்ணன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். "ஏம்மா, நீ குழாய் மாட்ட வந்தியா, கணக்கு வாத்தியார் வேலைக்கு வந்தியா?"

"கணக்குப் போடாம மாட்டினா ஒழுகும்" என்றாள் சேர்மக்கனி. தன் கணக்கை இத்தனை பேர் முன்னால் அவள் ஒருநாளும் உரக்கச் சொன்னதில்லை.

யாரும் நம்பவில்லை. பன்னிரண்டு என்றதற்கே பேச்சை நிறுத்தியவர்கள், நூற்று நாற்பத்து நான்கு என்றதும் இவள் ஊரைக் கேலி பண்ணுகிறாள் என்று முறைத்தார்கள். கூட்டம் கலையத் தொடங்கியது. அப்போது அவள் கண் தோசைக்கடைப் பக்கம் போனது.

"மதினி, உங்க கல்லு எவ்வளவு பெருசு?"

"ஒண்ணரை அடி வரும்" என்றாள் பிரம்மசக்தி.

"ஒரு கரண்டி மாவுல சரியா ஒரு அடி அகலத்துக்கு ஒரு தோசை ஊத்துங்க. அப்புறம் அதே கரண்டி மாவ எங்கிட்டத் தாங்க."

பிரம்மசக்தி ஊற்றினாள். சேர்மக்கனி டேப் வைத்து அளந்தாள். பன்னிரண்டு இஞ்சு, சுற்றிலும் எங்கே அளந்தாலும் பன்னிரண்டு இஞ்சு, தோசைக்கடைக்காரியின் மணிக்கட்டுக்கு அந்த ஊரில் நிகர் கிடையாது. பிறகு சேர்மக்கனி தன் பையிலிருந்து ஒரு இஞ்சுக் குழாய்த் துண்டு ஒன்றை வளையமாக அறுத்து, கழுவி, எண்ணெய் தடவி, கல்லில் வைத்து, அதே கனத்துக்கு மாவு விட்டு, காசு அளவில் ஒரு தோசை சுட்டாள். "இந்தக் குட்டித் தோசை எத்தன வரும்னு சொல்லுங்க."

"பன்னிரண்டு" என்று நாலைந்து பேர் சொன்னார்கள்.

பன்னிரண்டு வந்தது, கரண்டியில் மாவு குறைந்த மாதிரியே தெரியவில்லை. இருபது வந்தது. வாழையிலையில் பத்துப் பத்தாக அடுக்கினாள் பிரம்மசக்தி, ஐம்பது வந்தது, கலைந்து போனவர்கள் திரும்பி வந்தார்கள், எழுபது வந்தது, தலைமையாசிரியை கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து உட்கார்ந்து எண்ணத் தொடங்கினார், நூறு வந்தபோது கல்லின் சத்தமும் குழாய்க்குள் மழையின் சத்தமும் மட்டும் கேட்டன. கடைசிச் சொட்டு மாவு வழிந்தபோது இலையில் நூற்று நாற்பத்தொன்று இருந்தது. மூன்றைப் பிள்ளைகள் எண்ணும்போதே தின்றுவிட்டார்கள்.

"தோசைக்கும் வட்டம், குழாய்க்கும் வட்டம்" என்றாள் சேர்மக்கனி. "இன்னும் சொல்லப்போனா, சின்னக் குழாயில தண்ணி சுவத்துல உரசி உரசி மெதுவாத்தான் போகும். நான் சொன்னது குறைச்சலான கணக்கு."

பிள்ளைகள் பாய்ந்து இலையைக் காலி பண்ணினார்கள். தம்பி வீட்டுப் பெண் அண்ணன் வீட்டுப் பையனின் வாயில் ஒன்றைத் திணித்தாள், வில்லடிக்கிறவர் குடம் தட்டுகிறவருக்கு இரண்டை எடுத்து நீட்டினார், ஊர் ஒரு வாரம் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டது. அதற்குள் பிரம்மசக்தி விரலை மடக்கிக் கணக்குப் போட்டிருந்தாள்.

"வடக்குத் தெருவுல தொண்ணூறு. மிச்சம் அம்பத்து நாலு இருக்கே."

சிரிப்பு அடங்கியது. அந்த எண் எந்தத் தெருவின் எண் என்று எல்லோருக்கும் தெரியும். குட்டையிலிருந்து திரும்பும் வழியில் சத்தம் கேட்டு, கூட்டத்துக்கு வெளியே இரண்டு குடத்தோடு நின்றிருந்த மாரித்தாய், தலைச்சுமையை இறக்காமலே சொன்னாள்: "எங்க தெருவுல அம்பத்து நாலு வீடு இருக்கு."

பால்வண்ணன் தொண்டையைச் செருமினார். "மிச்சத்த இப்பத்திக்கு மூடி வைப்போம். பின்னால தேவைப்படும்."

"மூடி போட எனக்குத் தெரியும், அண்ணாச்சி" என்றாள் சேர்மக்கனி. "போட மாட்டேன். உள்ள மழை பெஞ்சுக்கிட்டே இருக்கு. அது யாருக்காகப் பெய்யுதுன்னு நமக்குத் தெரியாது."

"அப்ப அவங்களுக்குத் தனியா ஒரு குழாய் இழுத்திரு."

"தனியா இழுக்க இன்னொரு மழை வேணும்."

அவள் மறுபடி சாக்பீஸ் எடுத்தாள். ஆறு இஞ்சிலிருந்து நேராக அரை இஞ்சுக்கு இறங்கக் கூடாது, சட்டென்று சுருக்கினால் தண்ணீர் திமிறும், படிப்படியாக இறக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே எழுதினாள்: ஆறு இஞ்சு ஒன்றுக்கு மூன்று இஞ்சு நான்கு சமம், மூன்று இஞ்சு ஒன்றுக்கு ஒன்றரை இஞ்சு நான்கு சமம், ஒன்றரை இஞ்சு ஒன்றுக்கு அரை இஞ்சு ஒன்பது சமம். நான்கை நான்கால் பெருக்கி ஒன்பதால் பெருக்கினால் நூற்று நாற்பத்து நான்கு, இடறாமல் வந்து நிற்கிறது.

"மூணு இஞ்சு ஒண்ணுக்கு முப்பத்தாறு வீடு. வடக்குத் தெருவுக்கு ரெண்டு குழாய் முழுசாப் போகுது, பதினெட்டு வீடு பாக்கி. ஓடைக்கரைக்கு ஒரு குழாய் முழுசாப் போகுது, அங்கயும் பதினெட்டு வீடு பாக்கி. ரெண்டு பாக்கியும் சேந்தாத்தான் நாலாவது குழாய் நிறையும்."

"ரெண்டு தெருவுக்கும் ஒரே குழாயா?" என்றார் பால்வண்ணன்.

"ஒரே குழாய்."

"எங்க தெருவுல எந்தப் பதினெட்டு வீடு?"

"ஓடைக்குப் பக்கத்துல உள்ள கிழக்குக் கோடி வீடுக. கடைசி வீடு உங்க வீடுதான், அண்ணாச்சி."

பால்வண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். மறுநாள் காலையில் காப்பி குடித்ததும் ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு, ஓடைக்கரையோடு சேராமல் இருக்க வேண்டுமானால் வடக்குத் தெருவிலேயே பதினெட்டு வீடு இணைப்பு இல்லாமல் இருக்கச் சம்மதிக்க வேண்டும், யார் சம்மதிப்பார்கள் என்று யோசித்தார். வீடு வீடாகப் போய்க் கேட்டார். எல்லோரும் அன்பாக மோர் கொடுத்தார்கள், பெயர் கொடுக்கவில்லை. மத்தியானம் வெறும் தாளோடு வீட்டுக்கு வந்தவரிடம் அவர் மனைவி ஆவுடையம்மாள் சொன்னாள்:

"விடுபடுற பதினெட்டுல முதல் பேரா நம்ம வீட்டையே எழுதுங்க."

"அப்புறம் தண்ணிக்கு?"

"ஓடையத் தாண்டுனா மாரித்தாய் வீட்டுல குழாய் இருக்கும். போய்ப் பிடிச்சிட்டு வாரேன். இடுப்புல ஒண்ணு, தலையில ஒண்ணு. அவ இத்தன வருஷம் சுமக்கலையா?"

பால்வண்ணன் தாளை மடித்தார், மறுபடி மடித்தார், இதற்குமேல் மடிக்க முடியாது என்கிற அளவுக்கு மடித்துவிட்டு, எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு சமுதாயக் கூடத்துப் பக்கம் போனார். "உன் கணக்குப்படியே மாட்டு" என்று சேர்மக்கனியிடம் சொன்னார்.

பதினாறு நாள் வேலை நடந்தது. குழாய் வாங்கக் காத்திருக்காமல் ஆளாளுக்கு வீட்டில் இருந்ததைக் கொண்டுவந்தார்கள்: பழுதான மோட்டாரின் குழாய், தோட்டத்தில் வெடித்துக் கிடந்த பிளாஸ்டிக் குழாய், பந்தல்கால் குழாய், சைக்கிள் ஸ்டாண்டாக நின்ற குழாய், முக்கால் இஞ்சு, ஒரு இஞ்சு, இரண்டு இஞ்சு, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத நூறு அளவு. சேர்மக்கனி ஒவ்வொன்றின் வாயையும் அளந்து, பெரியதைச் சின்னதோடு சேர்க்க ரெடியூசர் வைத்து, இரும்பைப் பிளாஸ்டிக்கோடு சேர்க்கத் திருகும் மரை போட்டு, மரையில் சணல் சுற்றி இறுக்கினாள். தாய்க்குழாயின் கீழ் வாயைத் தகடு வைத்து அடைத்தாள். அந்தத் தகட்டில் மூன்று இஞ்சு வட்டம் நான்கு கொள்ளாது, இரண்டுதான் கொள்ளும் என்பதால், குழாயின் வயிற்றிலேயே வரிசையாக நான்கு துளை போட்டு வெல்டிங் வைத்தாள். வெளியே வெல்டிங் பொறியும் உள்ளே மின்னலும் மாறி மாறி வெட்டின. மேல் வாயையும் மூடலாமா என்று யாரோ கேட்டபோது, "அது திறந்தே இருக்கட்டும், மேகம் மூச்சு விடணும்" என்றாள். அது சரியான பேச்சாகவே எல்லோருக்கும் பட்டது.

பள்ளம் தோண்டும் வேலைக்கு இரண்டு தெருவும் இரண்டு பக்கத்திலிருந்து வெட்டிக்கொண்டு வந்தன, நாலாவது குழாய்க்கான பள்ளம் ஓடையின் நடுவில் சந்தித்தது, அங்கே கடைசி மண்வெட்டியை யார் போடுவது என்று மரியாதைக்காக ஒருவரையொருவர் சொல்லிக்கொண்டு நின்றதில் ஒரு முழு நாள் வீணானது.

வைகாசி இருபத்து மூன்றாம் தேதி காலை ஏழு மணிக்கு வால்வைத் திறந்தார்கள். மழை இறங்கியது. ஆறு இஞ்சில் அது இடியோடு கூடிய அடைமழையாக இருந்தது, மூன்று இஞ்சுக்குள் நுழைந்ததும் இடி ஓய்ந்து ஐப்பசி மழையாக ஒரே சீராகப் பெய்தது, ஒன்றரை இஞ்சில் தூறலாகி, அரை இஞ்சில் குற்றாலத்துச் சாரல் மாதிரி மெல்லிசாகி, நூற்று நாற்பத்து நான்கு வீட்டிலும் ஒரே நேரத்தில் எட்டிப் பார்த்தது. எந்த வீட்டிலும் குடம் நிறையப் பத்து நிமிடம் ஆனது, ஒரு வீட்டில் ஒன்பதும் இல்லை, ஒரு வீட்டில் பதினொன்றும் இல்லை. சேர்மக்கனி சாக்பீஸும் கையுமாக வீடு வீடாகப் போய் நேரம் பார்த்தாள், கடைசி வீட்டில் பார்த்து முடித்ததும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "சரியா இருக்கு" என்று உரக்கச் சொன்னாள், பிறகு இன்னொரு தரம் சொன்னாள்.

மாரித்தாய் முதல் குடத்தை நிறைத்தாள், இரண்டாவதையும் நிறைத்தாள், மணி ஏழு இருபதுதான் ஆகியிருந்தது. வழக்கமாகக் குட்டைக்குப் போய்த் திரும்பும் காலைப்பொழுது முழுக்க அப்படியே மிச்சமிருந்தது. அதை என்ன செய்வது என்று தெரியாமல் வாசலில் நின்று பார்த்தாள், பிறகு உள்ளே போய்ப் பாயை விரித்துப் படுத்து, வெயில் அடிக்கிற நேரத்தில், வாழ்க்கையில் முதல்முறையாக, சாரல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்கினாள்.

அதற்கப்புறம் ஊர் குழாய்க்குப் பழகியது. எந்த மரையில் காதை வைத்தால் எந்த மழை கேட்கும் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்தது. தூக்கம் வராத கைக்குழந்தைகளை ஒன்றரை இஞ்சு முனைக்குக் கொண்டுபோய்த் தூறலைக் கேட்க வைத்தார்கள். சேர்மக்கனிக்குப் பத்து ஊரிலிருந்து ஆள் வந்தது, எல்லா இடத்திலும் அவள் முதலில் தோசைக்கல் கேட்டாள். மேஸ்திரிகள் சிரிப்பதை நிறுத்திவிட்டுத் தோசை தின்றார்கள்.

நாலாவது குழாய்க்கு மட்டும் ஒரு குணம் உண்டு என்று போகப்போகத் தெரிந்தது. பள்ளத்து மண் அமர்ந்ததும் ஓடையைத் தாண்டிப் போகிற பக்கம் இன்னும் தாழ்ந்துவிட்டதால், ஓடைக்கரைப் பதினெட்டு வீடும் சேர்ந்து திறந்தால் மேட்டில் இருக்கிற கிழக்குக் கோடி வீடுகளில் சாரல் நூலாகிவிடும். ஆவுடையம்மாள் இதைச் சீக்கிரமே புரிந்துகொண்டு, ஓடையோரம் வந்து நின்று, மாரித்தாயிடம் நேரம் பேசி வைத்துக்கொண்டாள். இருவரும் பேசி முடிக்க எப்போதும் குடம் நிறைகிற நேரத்தைவிட அதிகமாகவே ஆனது. பால்வண்ணனுக்கு அந்த நேரமெல்லாம் தெரியாது.

ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போட்டு, முகம் முழுக்கச் சோப்பு நுரையோடு பால்வண்ணன் வீட்டுப் பின்புறம் குளித்துக்கொண்டிருந்தபோது குழாய் சொட்டுச் சொட்டாகி நின்றுபோனது. மனைவி கோயிலுக்குப் போயிருந்தாள். கண் எரிந்தது. அவர் சுவரைத் தடவித் தடவி ஓடையோரம் வந்து, இடுப்பில் துண்டோடு, எந்தப் பக்கம் பார்க்கிறோம் என்றும் தெரியாமல், அந்தக் கரையை நோக்கிக் கூப்பிட்டார்.

"யக்கா. மாரித்தாயக்கா. கொஞ்சம் குழாய மூடுங்கக்கா, கண்ணு எரியுது."

மாரித்தாய் துணி அலசிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தாள். அந்தக் கரையில் ஊராட்சித் தலைவர் நுரையால் செய்த பொம்மை மாதிரி நின்றுகொண்டிருந்தார். பக்கத்து வீட்டுப் பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார்கள்.

"யாரு, பால்வண்ணன் தம்பியா?" என்று கேட்டாள். "நில்லுங்க, ரெண்டு துணி பாக்கி இருக்கு."

இரண்டு துணியையும் நிதானமாக அலசி, பிழிந்து, உதறிக் கொடியில் போட்டுவிட்டு, அதன் பிறகு போய்க் குழாயை மூடினாள்.